பதினாலு ஜன்னல், ஒரே சேவல்

போன்சோ: …மாமரத்துல ஏறினவன் அங்கேயே இருக்கட்டும். இறங்கச் சொல்லாதே.

சோலிங்: நோங் போன்சோ, அண்ணே, அம்போவோட எடை என்னன்னு தெரியுமா? அந்தக் கிளை ரெண்டு தடவை முனகிருச்சு.

போன்சோ: ரொட்டிக்கடை வச்சிருக்கவன் எடையாத்தான் இருப்பான். முறிஞ்சா பாத்துக்கலாம். தெர்சிங் டீச்சர் எங்க?

சோலிங்: உங்க வீட்டுக்கு அடியில, வீட்டைத் தாங்குற தூணுங்களுக்கு நடுவுல. பன்னிக் கொட்டில் பக்கத்துல. நீங்கதானே அங்க உக்காரச் சொன்னீங்க?

போன்சோ: பின்னாடி என்ன தெரியுது?

சோலிங்: பூப்போட்ட படுக்கை விரிப்பு. திரை மாதிரி கட்டியிருக்கு. திரைக்குப் பின்னாடி பன்னி.

போன்சோ: பன்னி பேசாம இருக்குமா?

சோலிங்: நம்ம சங்கத்துல பேசாம இருக்குற ஒரே ஆள் அதுதான்.

போன்சோ: இஸ்கோ?

சோலிங்: சமையல்கட்டுல. பாக்குறவங்களுக்குத் தன் தையல் கடை மாதிரியே தெரியணும்னு மெஷினைத் தலையில தூக்கிக்கிட்டு மலை ஏறி வந்திருக்கான்.

போன்சோ: பாத்தியா! அதுதான் சங்கப் பற்று. மத்த ஊர்ல சந்தா கட்டுவாங்க. நம்ம ஊர்ல மெஷின் தூக்குவாங்க.

சோலிங்: நோங்… கடைசியா ஒரு தடவை கேக்குறேன். இன்னைக்கு ஒரு நாள் எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்கே இறங்கிப் போயி, அங்கேருந்தே மீட்டிங்ல சேந்தா என்ன?

போன்சோ: எப்படிச் சேருறது? கீழே சிக்னல் ஏது?

சோலிங்: …ஏது.

போன்சோ: நீதானே சொன்னே? என் வீட்டுக்காரி ஃபெலிசா கண்ணை மூடின மறுமாசம் இதே வாசல்ல நின்னுக்கிட்டு, “நோங், தீவு முழுக்க சிக்னல் உங்க மலையில மட்டும்தான் வருது, இனிமே ஆன்லைன் மீட்டிங்கை உங்க வீட்லேர்ந்துதான் போடணும்”னு சொன்னது நீயா, இல்ல இந்தப் பன்னியா?

சோலிங்: நாந்தான்.

போன்சோ: அப்புறம்?

சோலிங்: ஒண்ணுமில்ல. ஒருவேளை ஏதாவது மூலையில நின்னா ஒரு கோடு வந்தாலும்…

போன்சோ: ஒரு கோட்டை வச்சு என்ன பண்றது? துணி காயப் போடவா?

சோலிங்: சரி விடுங்க. மாவட்டக் கவர்னர் சொன்னது நினைவிருக்குல்ல?

போன்சோ: எந்த மாவட்டக் கவர்னர்?

சோலிங்: நோங்! நம்ம சேவைச் சங்கத்துக் கவர்னர்! லுமாபாஸ் மேடம்! இன்னும் கொஞ்ச நேரத்துல இந்தப் போனுக்குள்ள வரப்போறாங்க!

போன்சோ: தெரியும் தெரியும். உன் ரத்தம் ஓடுதான்னு பாத்தேன்.

சோலிங்: நோயாளியை ஏத்திட்டுப் போற படகு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நம்ம லிபாகனுக்கா, கமாயா தீவுக்கான்னு இன்னைக்கு முடிவு. “எந்தத் தீவுல எல்லாக் கரையிலயும் போன் எடுக்குதோ அங்கதான் படகு, கூப்பிட முடியாத இடத்துல படகு இருந்து என்ன பிரயோஜனம்”னு கறாரா சொல்லிட்டாங்க.

போன்சோ: அதனாலதானே பதினாலு பேரையும் பதினாலு மூலையில உக்கார வச்சிருக்கேன்? பதினாலு ஜன்னல், பதினாலு வீடு. பாக்குறவங்க கண்ணுக்குத் தீவு முழுக்க சிக்னல்.

சோலிங்: பொய்தானே அது?

போன்சோ: பொய் இல்ல, இந்தாய், தங்கச்சி. அலங்காரம். பொண்ணு பாக்க வரும்போது வீட்டுக்கு வெள்ளையடிக்கிறதில்ல?

சோலிங்: மாட்டிக்கிட்டா?

போன்சோ: நான் அம்பது வருஷமா பேசிட்டிருக்கேன். இதுவரைக்கும் மாட்டினதே இல்ல.

சோலிங்: நீங்க பேசுறதை இதுவரைக்கும் யாரும் நம்பினதே இல்ல. அதான் மாட்டல.

போன்சோ: ஏய்… ஏய்! ஏதோ மின்னுது!

சோலிங்: வந்துட்டாங்க! நோங், சட்டையைச் சரி பண்ணுங்க! நமக்கு நடுவுல தொங்குற பாயை அசைக்காதீங்க, நான் உங்க பக்கத்துல இருக்கேன்னு தெரிஞ்சுரும். உங்க மைக் மட்டும்தான் திறந்திருக்கணும். இத்தனை போன் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, ரெண்டு மைக் திறந்தா ஊளை கிளம்பிரும். நான் கையைத் தூக்கினா மூடியிருக்குன்னு அர்த்தம். இறக்கினா…

போன்சோ: திற, திற. சிரிச்சாச்சு.

கவர்னர்: வணக்கம், லிபாகன்! நான் பேசுறது கேக்குதா?

போன்சோ: மணி அடிச்ச மாதிரி கேக்குது, மேடம்!

கவர்னர்: பதினாலு ஜன்னல்… பதினாலு முகம். அடேயப்பா! இங்க செபு நகரத்துச் சங்கத்துல பாதிப் பேர் கேமராவை மூடிட்டுத் தூங்குவாங்க.

போன்சோ: எங்க ஆளுங்க திறந்து வச்சுக்கிட்டே தூங்குவாங்க, மேடம். ஒளிவுமறைவே கிடையாது.

கவர்னர்: எல்லாரும் அவங்கவங்க வீட்லதானே இருக்கீங்க?

போன்சோ: அவங்கவங்க வீட்லதான். தெர்சிங் டீச்சர் வடகரை. இஸ்கோ தென்கரையில, தையல் கடையில. இவங்க சோலிங், எங்க செயலாளர், மேற்குக் கரை. கையசைக்குறானே, அது ரொட்டிக்கடை அம்போ. கிழக்குக் கரை. மாடியில உக்காந்திருக்கான்.

கவர்னர்: மாடியா? அவருக்குப் பின்னாடி இலை இலையா தெரியுதே?

போன்சோ: சுவருல வரைஞ்சது, மேடம். வரைஞ்சவன் கொஞ்சம் ஆசைப்பட்டு வரைஞ்சுட்டான்.

கவர்னர்: காத்துல ஆடுது.

போன்சோ: அவ்வளவு ஆசைப்பட்டு வரைஞ்சுட்டான்.

கவர்னர்: …சரி. சங்கப் பாட்டோட ஆரம்பிப்போம். ஆனா எல்லாரும் பாடினா ஆன்லைன்ல ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடின்னு குழம்பும். நோங் போன்சோ, நீங்க மட்டும் பாடுங்க. மத்தவங்க வாயசைச்சாப் போதும்.

சோலிங்: மைக்கை மூடிட்டேன், மூடிட்டேன்! நோங், எல்லாரையும் வாயசைக்க மட்டும் சொல்லுங்க! சத்தம் வந்தா உங்க மைக்ல விழும்!

போன்சோ: யார்கிட்ட சொல்றே? இவங்க கல்யாணத்துலயும் பாடுவாங்க, எழவுலயும் பாடுவாங்க. மைக்கைக் கண்டா பசியை மறந்துருவாங்க. வாயை மட்டும் அசைன்னா நடக்குமா?

சோலிங்: அம்போ! டீச்சர்! காத்து மட்டும்! சத்தம் கூடாது! …ஐயோ, இஸ்கோ இப்பவே தொண்டையைக் கனைக்குறான்.

போன்சோ: திற. கடவுள் இருக்கார்.

கவர்னர்: …அருமை! அருமை! ஆனா ஒரு சின்ன சந்தேகம்.

போன்சோ: கேளுங்க, மேடம்.

கவர்னர்: உங்க மைக் மட்டும்தான் திறந்திருக்கு. எனக்கு ஒரு கூட்டமே பாடின மாதிரி கேட்டுச்சே? மேல் சுருதியில ரெண்டு பெண் குரல் வேற.

போன்சோ: சின்ன வயசுல கோயில்ல பாடிட்டிருந்தேன், மேடம். பாதிரியார் என் குரலைக் கேட்டுட்டு மத்தவங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டார். அன்னையிலேர்ந்து ஆண் குரல், பெண் குரல் ரெண்டும் நானே.

கவர்னர்: கடைசியில கைதட்டினது?

போன்சோ: அதுவும் பழக்கத்துல வந்துருது.

கவர்னர்: …சோலிங், நீங்க சொல்லுங்க. இந்த வருஷம் சங்கம் என்னென்ன செஞ்சுச்சு?

சோலிங்: மேடம், புயல்ல போன கூரையெல்லாம் திரும்பப் போட்டோம். பள்ளிக்கூடத்துக் கூரையை முதல்ல போட்டோம். அதுக்கப்புறம் வடகரையில ஒரு வீடு தண்ணிக்கு ரொம்பப் பக்கத்துல இருந்துச்சுன்னு, மூங்கிலை அடியில கொடுத்து வீட்டை அப்படியே தோள்ல தூக்கி மேட்டுல வச்சோம்.

கவர்னர்: எத்தனை பேர் தூக்கினீங்க?

போன்சோ: நான் சொல்றேன், மேடம்! தூக்கினது முப்பது பேர். உள்ள உக்காந்து சீட்டாடினது நாலு பேர். மேட்டுல இறக்கி வச்ச பிறகுதான் அவங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, “கடலை எங்கடா கொண்டு போனீங்க”ன்னு கேட்டாங்க.

சோலிங்: மேடம், முப்பது பேர் தூக்கினது வரைக்கும் நிஜம்.

கவர்னர்: நல்லது, நல்லது! …ஒரு நிமிஷம். டீச்சரோட ஜன்னல்ல ஒரு சேவல் போச்சு. வால்ல ஒரே ஒரு வெள்ளை இறகு. அழகா இருக்கே.

போன்சோ: சண்டைச் சேவல், மேடம். வடகரைச் சேவல்.

கவர்னர்: இப்ப அது இஸ்கோவோட ஜன்னல்ல போகுது.

போன்சோ: …அது தென்கரைச் சேவல்.

கவர்னர்: அதே வெள்ளை இறகு.

போன்சோ: எல்லாம் ஒரே தாயோட பிள்ளைங்க, மேடம். தீவு முழுக்க அந்த ஒரு கோழியோட வம்சம்தான். ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே தெரியாது. அதனாலதான் எங்க ஊர்ல சேவல் சண்டை நின்னுபோச்சு. யார் சேவல் ஜெயிச்சுதுன்னு யாருக்கும் தெரியல. தோத்த சேவலை நாலு பேரு என்னுது இல்லைன்னாங்க. ஜெயிச்ச சேவலை ஒன்பது பேரு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க.

கவர்னர்: ஒரு சேவலை ஒன்பது பேரா?

போன்சோ: அன்னைக்கு ராத்திரி குழம்புல, மேடம்.

சோலிங்: மூடிட்டேன்! நோங், அந்தச் சேவலைப் பிடிக்கச் சொல்லுங்க! அடுத்து உங்க ஜன்னலுக்குத்தான் வருது!

போன்சோ: யாரு பிடிக்கிறது? யார் எழுந்தாலும் கேமராவுல தெரியும். அரிசியை இறைச்சு விடு, அந்தப் பக்கமா!

சோலிங்: அரிசி இறைச்சா பன்னி வருமே!

போன்சோ: பன்னிக்கு வெள்ளை இறகு இல்லல்ல? திற.

கவர்னர்: நோங் போன்சோ, அங்க மழையா?

போன்சோ: மழையா? …ஆமா, இப்பதான் தூறுது.

கவர்னர்: வடகரையிலயும்?

போன்சோ: எல்லாக் கரையிலயும். எங்க ஊர் மழை பாரபட்சம் பாக்காது.

கவர்னர்: அம்போ தலையில கொட்டுதே! அவர் மாடிக்குள்ளதானே இருக்கார்?

போன்சோ: மாடிதான், மேடம். கூரை புயல்ல போச்சு.

கவர்னர்: இப்பதானே எல்லாக் கூரையும் போட்டுட்டோம்னு சொன்னாங்க?

போன்சோ: இவன்தான் வேணாம்னுட்டான். மாவு பிசையத் தண்ணி தூக்க வேண்டாம்ல? மேலேருந்தே வருது.

கவர்னர்: …பாவம், தும்முறாரு.

போன்சோ: அவன் ரொட்டியில உப்பு சரியா இருக்குற ரகசியம் அதுதான்.

சோலிங்: மூடிட்டேன். நோங்! அவங்க சிரிப்பை அடக்குறாங்க. கண்டுபிடிச்சுட்டாங்கன்னு நினைக்கிறேன்.

போன்சோ: சிரிச்சா நல்லதுதான். சிரிக்கிறவங்க படகு கொடுப்பாங்க. இன்னும் கொஞ்ச நேரம் தாங்கினாப் போதும். யாரும் அசையாதீங்க. யாரும் தும்மாதீங்க. யாரும்… ஏய், அது என்ன வாசனை?

சோலிங்: …டீச்சர் நூடுல்ஸ் சட்டியைத் திறந்துட்டாங்க.

போன்சோ: இப்பவா?

சோலிங்: மீட்டிங்னா இந்நேரம் சாப்பிடுவோமே! பழக்கதோஷம். வயிறு கடிகாரம் மாதிரி… ஐயோ, தட்டுல வைக்குறாங்க. நோங், தட்டை நீட்டுறாங்க! இஸ்கோ கையை நீட்டுறான்! சமையல்கட்டுப் படி வழியா… டீச்சர்! வேணாம்! டீச்சர்!

போன்சோ: மைக்கைத் திற, நான் பேச்சை மாத்துறேன். மேடம்! செபுவுல வெயில் எப்படி?

கவர்னர்: நோங் போன்சோ.

போன்சோ: சொல்லுங்க, மேடம்.

கவர்னர்: வடகரையில தெர்சிங் டீச்சர் ஒரு தட்டு நூடுல்ஸை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாங்க.

போன்சோ: அப்படியா?

கவர்னர்: தென்கரையில இஸ்கோ அதை வாங்கிட்டார். மேல பாதி எலுமிச்சங்காய் கூட அப்படியே இருக்கு. இப்ப சாப்பிடுறார். சொல்லுங்க, நோங். இதுக்கு என்ன சொல்லப் போறீங்க? ஆவலா இருக்கேன்.

போன்சோ: எங்க ஊர் சிக்னல் அவ்வளவு வேகம், மேடம். தட்டு கூடப் போகுது.

கவர்னர்: ஹா… ஹா… ஹா! கடவுளே! …என்னால முடியல. கண்ல தண்ணி வந்துருச்சு.

போன்சோ: துடைச்சுக்கோங்க, மேடம். வேணும்னா உங்களுக்கும் ஒரு தட்டு அனுப்பவா?

கவர்னர்: போதும், நோங். இப்ப நிஜத்தைச் சொல்லுங்க. பதினாலு பேரும் ஒரே வீட்ல இருக்கீங்க. சரியா?

போன்சோ: …வீடு கொஞ்சம் பெருசு.

கவர்னர்: யார் வீடு?

போன்சோ: என் வீடு. மலை மேல.

கவர்னர்: அங்க மட்டும்தான் சிக்னல். அதானே?

போன்சோ: …அதான்.

கவர்னர்: ஐயோ, நோங். இவ்வளவு சிரிக்க வச்சுட்டு இப்படி ஆயிருச்சே. எனக்குச் சொல்லவே மனசு வரல. வடகரையில ஒரு குழந்தைக்கு ஜுரம் ஏறுதுன்னு வைங்க. படகைக் கூப்பிட யாரு மலை ஏறுவா? அம்மாவா? அதுக்குள்ள என்ன ஆகும்? படகு மணல்ல தூங்கிட்டிருக்கும்.

போன்சோ: சங்கு ஊதினா எனக்குக் கேக்கும், மேடம். தீ மூட்டினா மேலேருந்து பாத்துருவேன். என் கண்ணு ரொம்பக் கூர்மை. ஒரு தடவை இங்கேருந்தே செபுவுல ஒருத்தன் பல் குத்துறதை…

கவர்னர்: நோங். கமாயாவுல எல்லாக் கரையிலயும் போன் எடுக்குது. அந்தச் சங்கத்து மீட்டிங் இதுக்கு அடுத்தது. ஆறு பேர்தான் வருவாங்க, பாதிப் பேர் தூங்குவாங்க. ஆனாலும் படகை அங்கதான் கொடுக்கணும்.

போன்சோ: மேடம். ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இது கதை இல்ல.

கவர்னர்: சொல்லுங்க.

போன்சோ: என் ஃபெலிசாவை மணல்ல படுக்க வச்சிருந்தோம். மீன் ஏத்திட்டுப் போன படகு திரும்பி வரட்டும்னு. கடல் அமைதியாத்தான் இருந்துச்சு. படகுதான் இல்ல. அவ கடைசியா என்ன சொன்னா தெரியுமா? “போன்சோ, ஏதாவது கதை சொல்லு, நேரம் போகட்டும்”னா. சொன்னேன். படகு வந்தப்போ கதை பாதியில இருந்துச்சு. கேக்க அவ இல்ல. அடுத்தவன் யாரும் அந்த மணல்ல கதை சொல்லிட்டு உக்காந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கவர்னர்: நோங்… அதனாலதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. கூப்பிட முடியாத படகு உங்க மனைவிக்கும் உதவியிருக்காது. என்னை மன்னிச்சிருங்க. நான் இப்ப…

சோலிங்: மேடம், வைக்காதீங்க! கீழே சிக்னல் இருக்கு!

போன்சோ: சோலிங்!

சோலிங்: எல்லாக் கரையிலயும் இருக்கு, மேடம். டீச்சர் வீட்ல இருக்கு. ரொட்டிக்கடையில இருக்கு. எங்க சமையல்கட்டுல முழுசா நாலு கோடு. குளிக்கிற இடத்துல கூட ரெண்டு கோடு.

போன்சோ: நம்பாதீங்க, மேடம்! இந்தப் பொண்ணு பொய் சொல்லுது! வெயில் பட்டுருச்சு!

சோலிங்: மழை பெய்யுது, நோங்.

போன்சோ: அப்ப மழை பட்டுருச்சு!

கவர்னர்: இருங்க, இருங்க! சோலிங், கீழே சிக்னல் இருந்தா, எதுக்கு எல்லாரும் மலை மேல போய் உக்காந்திருக்கீங்க? எதுக்கு அந்த மனுஷன் மரத்துல நனையுறாரு?

சோலிங்: நோங், நீங்க காதை மூடிக்கோங்க.

போன்சோ: ரெண்டு கையிலயும் போன் பிடிச்சிருக்கேன்.

சோலிங்: சரி, கேளுங்க. என்னைக்காவது கேக்க வேண்டியதுதானே. …மேடம், எங்களுக்கு அக்கா மாதிரி இருந்த மனாங் ஃபெலிசா போனதுக்கப்புறம் இவரு மலையை விட்டு இறங்கல. மீட்டிங்குக்குக் கூப்பிட்டா முட்டி வலின்னாரு. திருவிழாவுக்குக் கூப்பிட்டா பன்னிக்கு உடம்பு சரியில்லைன்னாரு. ஏறி வந்து பாத்தா, சட்டியில நேத்து வடிச்ச சோறு காஞ்சு கிடக்கு. ஏதோ பாவம் பாத்து சோறு கொண்டு வந்தோம்னா அவ்வளவுதான், தட்டோட மலையில உருட்டி விட்டுருவாரு. அம்போவை அப்படி உருட்டினாரு.

போன்சோ: அவன் தானா உருண்டான். அவன் வடிவம் அப்படி.

சோலிங்: அதனால எல்லாரும் சேந்து பேசினோம். சிக்னல் இவர் வீட்ல மட்டும்தான்னு ஒரே மாதிரி சொல்லிடணும்னு. அப்ப சங்க வேலையா வர்ற மாதிரி இருக்கும். இவராலயும் தடுக்க முடியாது. வந்தவங்க சாப்பிட்டுத்தானே ஆகணும், இவருக்கும் ஒரு தட்டு… அப்படித்தான், மேடம். சனிக்கிழமை தவறாம.

கவர்னர்: கொஞ்சம் இருங்க. வீட்ல சிக்னல் இருக்கு… ஆனா மலையேறி, ஒரே வீட்ல பக்கத்துப் பக்கத்துல உக்காந்து… ஆன்லைன் மீட்டிங் போட்டிருக்கீங்க?

சோலிங்: சட்டிபானையோட, மேடம்.

கவர்னர்: என் இருபது வருஷச் சங்க வாழ்க்கையில…

போன்சோ: கதை, மேடம், எல்லாம் கதை! என்கூடச் சேந்து இவளுக்கும் பழக்கமாயிருச்சு.

கவர்னர்: அதுதான் பிரச்சனை. பெண் குரல்ல பாடுறாரு. ஒரு சேவல் ஒன்பது குழம்பாகுது. தட்டு சிக்னல்ல போகுது. இப்ப நீங்க இப்படிச் சொல்றீங்க. நான் யாரை நம்புறது, சோலிங்? படகு கிடைக்கணும்னு இதையும் சொல்லலாமே?

சோலிங்: நம்ப வேணாம், மேடம்! நீங்களே கூப்பிட்டுப் பாருங்க. எங்க வீடு மேற்குக் கரை, தண்ணிக்கு ஓரமா இருக்கு. மாமியார் மனாங் பாசியாங் மட்டும்தான் வீட்ல. வீடியோவுல கூப்பிடுங்க. நம்பர் இதோ அனுப்புறேன்.

போன்சோ: அந்தம்மாவை எதுக்குத் தொந்தரவு பண்றே? வேணாம், மேடம்!

சோலிங்: என்ன தொந்தரவு?

போன்சோ: தூங்குற நேரம்.

சோலிங்: மத்தியானத்துல தூங்க மாட்டாங்க.

போன்சோ: காது வேற கேக்காது.

சோலிங்: எங்க மாமியாருக்கா? பக்கத்துத் தெருவுல வெங்காயம் உரிச்சா கேக்கும். காது கேக்காதுன்னு யார் சொன்னது?

போன்சோ: …பொதுவா. வயசானவங்களுக்கு.

கவர்னர்: நம்பர் வந்துருச்சு. இன்னொரு போன்ல போடுறேன். எல்லாரும் சத்தம் போடாம இருங்க. …மணி போகுது.

சோலிங்: தாயே… எடுக்கணும், எடுக்கணும்…

போன்சோ: எடுக்காது பாரு. கோழிக்குத் தீனி போடப் போயிருக்கும்.

கவர்னர்: எடுத்துட்டாங்க! முதல் மணியிலேயே எடுத்துட்டாங்க! படம் பளிச்சுன்னு இருக்கு! சட்டி தெரியுது, பூனை தெரியுது, ஜன்னலுக்கு வெளியே கடல் தெரியுது! …அம்மா, வணக்கம், நான்… என்ன? …இல்லம்மா, நான் அவர் இல்ல… செபுவுலேர்ந்து… ஆமா… ஆமா, மழையாம்… இல்ல, இன்னும் கலையல… சரிம்மா. ரொம்ப சந்தோஷம்மா. வச்சிடுறேன்.

சோலிங்: மேடம்? மேடம், சொல்லுங்க!

கவர்னர்: லிபாகன்! படகு உங்களுக்கு!

சோலிங்: ஆ…! அம்போ! படகு நமக்கு! நமக்குத்தான்! ஏய், ஏய், கையைத் தட்டாதே, கிளையைப் பிடி! பிடிடா! இஸ்கோ, ஓடு, ஏணி! …டீச்சர், அழாதீங்க, நூடுல்ஸ் ஆறுது! மேடம், உங்களுக்குக் கோடிப் புண்ணியம்! இங்க என்ன நடக்குதுன்னு பாருங்க, பன்னி கூட வெளிய வந்துருச்சு!

கவர்னர்: பாக்குறேன், பாக்குறேன்! பதினாலு ஜன்னல்லயும் ஆளே இல்ல, எல்லாரும் ஒரே ஜன்னல்ல வந்து நிக்குறீங்க! எப்படிக் கமாயாவுக்குச் சொல்லப் போறேன்னு தெரியல. அது என் பாடு. அடுத்த வாரம் படகைக் கொண்டு வந்து விடுறோம். நானும் அதுலயே வர்றேன். அந்த நூடுல்ஸை நேர்ல பாக்கணும்.

சோலிங்: வாங்க, மேடம்! நேரா மலைக்கு வாங்க! …நோங் போன்சோ, என்ன இப்படி உக்காந்திருக்கீங்க? படகு கிடைச்சுருச்சு! குதிங்க! கோவமா? பொய் சொன்னோம்னு கோவமா?

போன்சோ: கோவம் எல்லாம் இல்ல, இந்தாய். சந்தோஷத்துல கால் மரத்துப் போச்சு. மேடம், ரொம்ப நன்றி. நீங்க அடுத்த மீட்டிங்குக்குப் போங்க. நேரமாகுது. வைங்க, வைங்க.

கவர்னர்: வைக்குறேன். ஆனா சோலிங், ஒண்ணு கேக்கணும். உங்க மாமியாருக்கு நான் கூப்பிடப் போறது முன்னாடியே தெரியுமா?

சோலிங்: இல்லையே, மேடம். ஏன்?

போன்சோ: மேடம், சிக்னல் விட்டு விட்டு வருது. கேக்கல. வைங்க.

கவர்னர்: எனக்கு நல்லாக் கேக்குது. அவங்க போனைப் பாக்கவே இல்ல. அடுப்பைப் பாத்துக்கிட்டே எடுத்து, “என்ன போன்சோ, இன்னைக்கு இவ்வளவு சீக்கிரம் கூப்பிட்டுட்டே? புள்ளைங்க அதுக்குள்ள இறங்கிருச்சா?”ன்னு கேட்டாங்க. சரி, நான் கிளம்புறேன். அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு அடுத்த வாரம் எனக்குச் சொல்லணும். வணக்கம்!

சோலிங்: நோங் போன்சோ.

போன்சோ: ம்.

சோலிங்: எங்க மாமியார் உங்ககூட போன்ல பேசுறாங்களா?

போன்சோ: அப்பப்ப.

சோலிங்: எப்பப்ப?

போன்சோ: தினமும் சாயங்காலம்.

சோலிங்: எங்கேருந்து?

போன்சோ: உங்க சமையல்கட்டுலேர்ந்து. நாலு கோடு வரும்னு நீயே இப்ப சொன்னியே.

சோலிங்: அப்ப… கீழே சிக்னல் இருக்குன்னு உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?

போன்சோ: முதல் வாரத்துலேர்ந்து.

சோலிங்: தெரிஞ்சேவா அம்போவை மரத்துல ஏத்துனீங்க? தெரிஞ்சேவா டீச்சரைப் பன்னிக்குப் பக்கத்துல உக்கார வச்சீங்க? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எல்லாரும் அவங்கவங்க வீட்லேர்ந்து கால் மேல கால் போட்டுப் பேசியே படகை வாங்கியிருக்கலாமே! ஏன் நோங் சொல்லல?

போன்சோ: நான் என்ன பண்றது, இந்தாய்? மனாங் பாசியாங் என்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு. “என் மருமகளும் அவ கூட்டாளிங்களும் வீட்ல தனித்தனியா உக்காந்து மீட்டிங் போட முடியாம தவிக்குதுங்க, போன்சோ. வெளிய சொல்ல வெக்கப்பட்டு ஏதோ சிக்னல், கிக்னல்னு உளறிக்கிட்டு வரும். பாவம், நம்புற மாதிரி நடிச்சு, கதவைத் திறந்து விடு”ன்னு.